வகுப்பறை கேள்வி-பதில்: 45 பேரையும் பதில் எழுத வைப்பது எப்படி?

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 45 பிள்ளைகள். எதைக் கேட்டாலும் முன்வரிசையில் அதே நாலைந்து கைகள்தான் உயர்கின்றன. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போடுகிறது. விடைத்தாளைத் திருத்தும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. என்ன செய்யலாம்?
– பட்டதாரி ஆசிரியை, மன்னார்குடி

"புரிஞ்சுதா?" என்பதை முதலில் கைவிடுங்கள். அதற்கு "இல்லை" என்று சொல்ல 44 பேர் முன்னால் துணிச்சல் வேண்டும். தப்பாகப் புரிந்துகொண்ட பிள்ளையோ தனக்குப் புரிந்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தேவை, எல்லோருடைய பதிலும் ஒரே நேரத்தில் உங்கள் கண்ணில் படுவதற்கு ஒரு வழி. அதற்குச் சிலேட்டை விடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை.

வீட்டில் சிலேட்டு இருப்பவர்கள் கொண்டுவரட்டும். பல்பத்தில் எழுதினால் கோடு மெலிதாக விழும், பின்வரிசைப் பதில் உங்களுக்குத் தெரியாது, சாக்பீஸ் கொடுங்கள். சிலேட்டு இல்லாதவர்களுக்கு ஏ4 அளவுள்ள பிளாஸ்டிக் ஃபைல் கவர், உள்ளே வெள்ளை சார்ட் தாள், எழுத ஒயிட்போர்டு மார்க்கர், துடைக்கப் பழைய பனியன் துணி. ஒரு முழு சார்ட்டில் நாலு ஏ4 துண்டு வரும். 45 பேருக்கு 12 சார்ட் போதும். மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பின்புறமும் நன்றாக உழைக்கும். கவர் கொஞ்சம் தடிப்பாக இருக்கட்டும். மெல்லிய கவர் சுருண்டுவிடும், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னி எழுத்தை மறைக்கும்.

கேள்வியைச் சொல்கிறீர்கள். எல்லோரும் பேசாமல் எழுதுகிறார்கள். எழுதி முடித்தவர் பலகையை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடிக்கிறார். நீங்கள் "காட்டு" என்றதும் 45 பலகையும் ஒன்றாக உயர வேண்டும். இந்த "ஒன்றாக" என்பதில் கறாராக இருங்கள். ஒவ்வொருவராகத் தூக்கினால் கடைசியில் தூக்குபவர்கள் முதலில் தூக்கியவர்களைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பிறகு நீங்கள் பார்ப்பது நாலு பேருடைய பதிலின் 45 நகல்கள்.

இனி, எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுதான் முக்கியம். முழுக்கள் பாடத்தில் இதைப் பாருங்கள்: −3 − 5 = ? பலகையில் −8 என்றிருந்தால் சரி. 8 என்று எழுதியவர் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதியை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். 2 என்று எழுதியவர் 5-க்கு முன்னால் உள்ள குறியைக் கண்டுகொள்ளாமல் −3-உடன் 5-ஐக் கூட்டிவிட்டார். −2 என்று எழுதியவர் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிட்டு முன்னால் ஒரு மைனஸைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தப்பும் ஒவ்வொரு நோயைக் காட்டுகிறது. "முழுக்கள் என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் புத்தக வரிதான் வந்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட கேள்விகள் பாடத்துக்கு இரண்டு போதும். முந்தின நாள் இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் நல்ல கேள்வி வராது.

பலகைகளைப் பார்த்த பிறகு என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1991 முதல் பின்பற்றிய கணக்கு பள்ளிக்கும் பொருந்துகிறது. சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் விடையைச் சொல்லாதீர்கள். வேறு விடை எழுதிய பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள், பிறகு மறுபடி எழுதச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் அது 14 முதல் 31 பேர். அதற்குக் கீழே போனால் வாதம் பயன்படாது, ஏனென்றால் சரியாகத் தெரிந்த ஆளே பக்கத்தில் இருக்க மாட்டார். தரையில் சாக்பீஸால் எண்கோடு போட்டு, ஒருவரை −3-இல் நிறுத்தி இடப்பக்கம் ஐந்து அடி நடக்க வையுங்கள். 31-க்கு மேல் என்றால் அடுத்த கணக்குக்குப் போகலாம்; தப்பாக எழுதியவர்களை மட்டும் குறித்துக்கொண்டு, மற்றவர்கள் பயிற்சிக் கணக்கு போடும்போது அவர்கள் பெஞ்சுக்குப் போங்கள்.

முதல் வாரம் தொல்லைகள் வரும். பொம்மை வரைவார்கள், வகுப்பு தொடங்கும்போதே ஒரு நிமிடம் வரையச் சொல்லிவிட்டுத் துடைக்கச் சொன்னால் அந்த ஆசை பெரும்பாலும் அடங்கும். மார்க்கர் காய்ந்து போகும். எழுதாத நேரத்தில் மூடி போட்டு, படுக்கை வாக்கில் வைக்கப் பழக்குங்கள். எழுத்து ராத்திரி முழுக்க இருந்து கவரில் ஒட்டிக்கொண்டால் அதன்மேலேயே மார்க்கரால் எழுதி ஈரம் காயும் முன் துடையுங்கள், வந்துவிடும். யாராவது பெர்மனென்ட் மார்க்கரைக் கொண்டுவந்தால் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுங்கள்.

நான் கேள்வி கேட்டால் வகுப்பே கல்லாகிவிடுகிறது. கடைசியில் நானே பதிலைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.
– வரலாற்று ஆசிரியர், சங்கரன்கோவில்

நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி வகுப்பில் நிற்பவருக்கு மூன்று நிமிடம் போலத் தெரியும். மனசுக்குள் எண்ணுங்கள். ஒரு பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் அதே மூன்று நொடி பேசாமல் இருந்து பாருங்கள், பெரும்பாலும் அவரே "ஏன்னா..." என்று தொடர்வார். பலரும் மறப்பது இந்த இரண்டாவது இடைவெளியைத்தான்.

கேள்வி முதலில், பெயர் பிறகு. "செல்வி, பாளையக்காரர்கள் ஏன் வரி கட்ட மறுத்தார்கள்?" என்றால் செல்வி என்ற சொல் காதில் விழுந்ததுமே மற்ற எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். கேள்வியைக் கேட்டு, காத்திருந்து, அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். யாரை அழைப்பது என்பதை ஐஸ் குச்சிகளிடம் விட்டுவிடுங்கள்: ஒரு குச்சிக்கு ஒரு பெயர், எல்லாம் ஒரு டம்ளரில். எடுத்த குச்சியை அதே டம்ளரில் திரும்பப் போட வேண்டும். தனியே வைத்துவிட்டால், முடிந்தவர்கள் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொள்வார்கள். "தெரியாது சார்" என்றால் திட்டாமல், விடாமல், "சரி, இன்னும் ரெண்டு பேர் சொல்றதைக் கேளு, திரும்ப வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திரும்பப் போகவும் வேண்டும். ஒரு முறை மறந்தாலும் "தெரியாது" என்பது தப்பிக்கும் வழியாகிவிடும்.

ஆய்வகம் என்று பெயருக்கு ஓர் அறை, அதிலும் லிட்மஸ் தாள் காலாவதியானது. ஏழாம் வகுப்புக்கு அமிலம், காரம் நடத்த வேண்டும். நான் செய்து காட்டினால் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள், மீதிப் பேர் பேசுகிறார்கள்.
– அறிவியல் ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

செம்பருத்தி இருக்கும்போது லிட்மஸ் எதற்கு? ஒற்றை அடுக்குச் சிவப்புச் செம்பருத்தியில் எட்டு பூ. காம்பு, பச்சைப் புல்லி, நடுத்தண்டு எல்லாம் நீக்கி இதழ் மட்டும் ஒரு டம்ளர் சுடுநீரில் பத்து நிமிடம். இதழ் வெளுத்ததும் வடிகட்டுங்கள். எலுமிச்சைச் சாற்றில் இது ரோஸ் கலந்த சிவப்பாகும், சமையல் சோடாக் கரைசலில் பச்சையாகும், சர்க்கரைத் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் பெரிதாக மாறாது. மஞ்சள், ஆரஞ்சு நிறக் கலப்பினப் பூக்கள் வேண்டாம். நிறமாற்றம் தெளிவாக வராது.

போர் தண்ணீரில் போட்டால் சாறு தொடக்கத்திலேயே நீலப் பச்சையாகத் திரும்பிவிடுவதுண்டு. அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் காரத்தன்மைதான் காரணம். மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். (நேரம் இருந்தால் போர் தண்ணீரையே ஒரு மாதிரியாக வைத்து ஏன் என்று கேட்கலாம், பாடப் புத்தகத்தில் இல்லாத நல்ல கேள்வி.) புளிக்கரைசலைப் பலரும் வைக்கிறார்கள், அதன் பழுப்பு நிறம் மாற்றத்தை விழுங்கிவிடும், வைப்பதானால் மிக நீர்த்து வையுங்கள். சாறு மறுநாளே வாடை அடிக்கும், அன்றன்றைக்குத்தான் செய்ய வேண்டும். முதல் நாளே தயார் செய்ய விரும்பினால் இதழை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துக் காயவிடுங்கள், அதுவே சோதனைத் தாள். கழிவறை ஆசிட் பக்கம் போகவே வேண்டாம். சுண்ணாம்பை நீங்கள் மட்டும் கையாளுங்கள், தெளிந்த மேல்நீரை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.

வேடிக்கை பார்ப்பவர்களை உள்ளே இழுக்க இரண்டு மாற்றம். முதலாவது, சோதனையை உங்கள் மேசையிலிருந்து அவர்கள் பெஞ்சுக்கு அனுப்புங்கள். ஐந்து பேருக்கு ஒரு காலி மாத்திரை அட்டை போதும். பெரிய மாத்திரை இருந்த அட்டையாக, குழி கிழியாததாகப் பொறுக்குங்கள். ஒரு குழிக்கு ஐந்து சொட்டு சாறு, அதன்மேல் மூன்று சொட்டு கரைசல். சொட்டு விட ஸ்ட்ரா: கரைசலில் முக்கி மேல்முனையை விரலால் அடைத்து எடுத்து, விரலைத் தளர்த்தினால் சொட்டும். வாயால் உறிஞ்சக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ராவைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும்.

இரண்டாவது மாற்றம் முதலாவதை விட முக்கியம். கரைசலை விடும் முன் ஒவ்வொருவரும் நோட்டில் மூன்று பத்தி போட வேண்டும்: "என்ன ஆகும் என்று நினைக்கிறேன்", "என்ன ஆனது", "ஏன்". முதல் பத்தியைப் பேனாவால் எழுதி முடித்த குழுவுக்குத்தான் ஸ்ட்ரா. பந்தயம் கட்டியவனுக்குத்தான் முடிவைப் பார்க்கத் துடிப்பு இருக்கும். அடித்துத் திருத்தக் கூடாது, தப்பான கணிப்புக்கு மார்க் குறையாது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் முன்பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு: சோடாவால் பச்சையான குழியில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். நுரைக்கும், பச்சை மறைந்து சிவப்பு திரும்பும். நடுநிலையாக்கல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

குழுவாக உட்கார வைத்தால் சந்தைக் கூச்சல். ஒருவர் எழுதுகிறார், மற்றவர்கள் கதை பேசுகிறார்கள். குழுச் செயல்பாடு உண்மையில் பலன் தருமா?
– தமிழாசிரியர், விழுப்புரம்

ஒருவரே செய்து முடிக்கக்கூடிய வேலையைக் குழுவுக்குக் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். ஒவ்வொருவர் கையிலும் மற்றவரிடம் இல்லாத ஒரு துண்டு இருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எலியட் அரான்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய முறை இதுதான். வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருந்த காலம் அது.

உங்கள் பாடத்துக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்: ஐந்து திணைகள். 40 பேரை எட்டுக் குழுவாக்குங்கள், குழுவுக்கு ஐவர். ஒவ்வொருவருக்கும் ஒரு திணை; அந்தத் திணையின் நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தொழில், உரிப்பொருள் மட்டும் அவர் தாளில் இருக்கும். பிறகு எல்லாக் குழுவிலிருந்தும் நெய்தல்காரர்கள் ஒன்றாகக் கூடுவார்கள். எட்டுப் பேர் அதிகம், நாலு நாலாகப் பிரித்துவிடுங்கள். பன்னிரண்டு நிமிடம் படித்துப் பேசி, சொந்தக் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு மூன்று நிமிடம் மற்றவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். அப்போது தாள் கவிழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் தனித்தனித் தேர்வு, தன் திணையைத் தவிர மற்ற நான்கிலிருந்தும்: "யாமம் எந்தத் திணைக்குரிய சிறுபொழுது?", "இருத்தலும் இரங்கலும் எவ்வெவற்றின் உரிப்பொருள்?"

கெட்டுப்போகும் இடம் நடுவில்தான். தப்பாகப் புரிந்துகொண்ட ஒருவர் அதை நாலு பேருக்குக் கற்பித்துவிடுவார். நெய்தலின் சிறுபொழுதான எற்பாட்டை "ஏற்பாடு" என்று படிப்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. ஆகவே, சொந்தக் குழுவுக்குத் திரும்பும் முன் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஒரு கேள்வி கேட்டுச் சரிபாருங்கள். 43 பேர் வந்தால் மிச்சமுள்ள மூவரை மூன்று குழுவில் ஜோடியாகச் சேருங்கள். குறைந்தால், ஒரு குழுவில் இல்லாத திணைக்குப் பக்கத்துக் குழுவின் ஆள் வந்து சொல்லட்டும். பெஞ்சை நகர்த்த இடமில்லாவிட்டால் ஒன்றுவிட்ட வரிசைகள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாலே போதும்.

ஒன்றன்மேல் ஒன்று கட்டி எழுப்பும் பாடத்துக்கு இது ஆகாது. புணர்ச்சி விதிகளை இப்படிப் பிரித்துக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். சத்தம் பற்றி: வேலை நடக்கும் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஈராசிரியர் பள்ளி. என்னிடம் ஒன்று முதல் மூன்று வரை. கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. அரும்பு நிலைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் மொட்டும் மலரும் கூரையைப் பிய்க்கிறார்கள்.
– இடைநிலை ஆசிரியை, கொல்லிமலை

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது நிலைவாரிப் பிரிவும் பயிற்சி நூலும் கிடைத்தன. ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லாத பதினைந்து நிமிடத்தில் சரியா தப்பா என்று தானே தெரிந்துகொள்ளும் வேலை மற்ற இரு குழுக்களுக்கும் வேண்டும். துணி கிளிப் அட்டை செய்யுங்கள். உள்ளங்கை அகல அட்டையில் மேலே 7 + 5, கீழ் ஓரத்தில் 11, 12, 13. பிள்ளை விடைமேல் கிளிப்பை மாட்டி அட்டையைத் திருப்பும். சரியான விடைக்கு நேர் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. கிளிப் புள்ளிமேல் இருந்தால் அடுத்த அட்டை, இல்லாவிட்டால் கழற்றி மறுபடி. தமிழுக்குப் படமும் மூன்று சொற்களும்: படத்தில் பல்லி, கீழே பல்லி, பள்ளி, பலி.

புள்ளி முன்பக்கம் தெரியாதபடி தடித்த அட்டை எடுங்கள். மருந்துப் பெட்டி, சோப்புப் பெட்டி அட்டை சரியாக இருக்கும். சரியான விடையை எப்போதும் நடுவில் வைத்தால் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு டப்பாவுக்கு 20 அட்டை, வாரம் ஒரு முறை டப்பாவை மாற்றுங்கள்.

எங்கள் வகுப்பில் என் ஒரு போன்தான். அதை வைத்து வினாடி வினா நடத்த முடியுமா?
– ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

முடியும். பிளிக்கர்ஸ் செயலியில் பிள்ளைகளுக்குப் போன் தேவையில்லை, ஆளுக்கு ஓர் அச்சிட்ட அட்டை. அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுவே விடை: ஏ, பி, சி, டி. உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் என்ன சொன்னார் என்று பதிவாகும். பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கேமராவுக்குப் படிக்க வராது. விரல் கறுப்புக் கட்டத்தை மறைத்தாலும் அப்படித்தான். ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நெட் சிக்னல் இல்லாத நாளுக்கு மேலே சொன்ன சிலேட்டு இருக்கவே இருக்கிறது. யார் எதில் தவறினார் என்ற பட்டியல் கைக்குக் கிடைப்பதுதான் செயலியின் உண்மையான லாபம். அந்தப் பட்டியலைப் பார்க்க நேரமில்லை என்றால் செயலியே வேண்டாம்.

நன்றாகப் பதில் சொன்னால் பேனா, சாக்லேட் தருகிறேன். தப்பா?
– ஆசிரியை, பண்ருட்டி

எப்போதாவது, எதிர்பாராமல் என்றால் தப்பில்லை. "படித்தால் தருவேன்" என்று முன்னரே சொல்வதில்தான் சிக்கல். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் "வரைந்தால் பரிசு" என்று சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் பரிசு இல்லாதபோது அந்தப் பிள்ளைகள் முன்பை விடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

பின் பெஞ்சில் ஒரு பையன். எதையும் எழுத மாட்டான். எந்த உத்தியும் எடுபடவில்லை.
– ஆசிரியர், பரமக்குடி

உத்திக்கு முன்னால் அவனை இரண்டு நாள் முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். எழுதத் தொடங்கினால் கண்ணில் கோளாறாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பின்னாலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், காதையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் காலையில் சாப்பிட்டானா என்று தனியே கேளுங்கள்.

பாடம் நடக்கும்போது நன்றாகச் சொல்கிறார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் ஒன்றுமே நினைவில்லை. திருப்புதலுக்கு நேரமும் இல்லை.
– பத்தாம் வகுப்பு ஆசிரியர், அருப்புக்கோட்டை

திருப்புதல் என்றால் மறுபடி வாசிப்பது என்று ஆகிவிட்டது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, வாசித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள்.

எனவே தினமும் வருகைப் பதிவு எடுக்கும் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் நாலு கேள்வி தயாராக இருக்கட்டும்: நேற்றையது இரண்டு, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. புத்தகம் மூடியிருக்க, நோட்டின் கடைசிப் பக்கத்தில் விடை. நீங்கள் விடையைச் சொல்ல, அவர்களே வேறு நிற மையில் திருத்திக்கொள்வார்கள். மார்க் இல்லை, நோட்டை வாங்கவும் வேண்டாம். மார்க் போட ஆரம்பித்தால் பார்த்து எழுத ஆரம்பிப்பார்கள், உங்களுக்கும் திருத்தும் சுமை ஏறி, பத்து நாளில் நிறுத்திவிடுவீர்கள். "நாலாவதை எத்தனை பேர் விட்டீர்கள்?" என்று கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையை உங்கள் பாடக்குறிப்பில் எழுதுங்கள். பாதிக்கு மேல் விட்ட கேள்வி அடுத்த திங்கள்கிழமை மறுபடி வரட்டும்.